ஒழுங்கற்ற ஸ்பானிய வினைகளில் ஏவலை அமைப்பது எப்படி

ஒழுங்கற்ற வினை என்றாலே நீண்ட பட்டியலை நெட்டுருப் போட வேண்டும் என்று பலர் மலைத்துப்போகிறார்கள். ஸ்பானிய ஏவலுக்கு அந்த மலைப்பு தேவையில்லை. "செய்", "வா", "சொல்லுங்கள்" போன்ற உடன்பாட்டு ஏவல்களில் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய வடிவங்கள் பத்தைத் தாண்டாது. மற்ற எல்லாமே, நிகழ்காலம் படித்த எவருக்கும் முன்பே தெரிந்த வடிவங்களிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை. எந்த ஏவலை எந்த வடிவிலிருந்து எடுப்பது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் போதும். தவறுகளில் பெரும்பாலானவை அந்த மூலத்தை மாற்றி எடுப்பதால்தான் வருகின்றன.

படிக்கும் முன்

ஸ்பானியச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். அழுத்தம் விழும் அசை மட்டும் நெடில். மற்ற அசைகள் குறில். ஏவலில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பது மிக முக்கியம் என்பதால் இந்த ஏற்பாடு. ஆகவே "தீகமெலொ" என்று பார்த்தால் "தீ" என்ற முதல் அசையை அழுத்தி, மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். வல்லினத்தின் நடுவே புள்ளி வைத்து இரட்டித்திருந்தால் (பேத்தெ) அது அழுத்தமான ஒலி, இரட்டை எழுத்து அல்ல.

தமிழ் எழுத்தால் காட்ட முடியாத வேறுபாடு ஒன்று உண்டு. தெஸீர் (சொல்), தார் (கொடு), தொர்மீர் (தூங்கு) ஆகியவற்றின் முதல் "த", "பந்து" என்பதில் வரும் மெல்லிய ஒலி. தெனேர் (வைத்திரு), தொக்கார் (தொடு) ஆகியவற்றில் "தலை"யின் வல்லொலி. அதுபோலவே பெனீர் (வா), பேர் (பார்), பொல்பேர் (திரும்பு), புஸ்கார் (தேடு) ஆகியவற்றின் "ப", "அன்பு" என்பதில் உள்ளது. பொனேர் (வை), பெதீர் (கேட்டு வாங்கு), பென்ஸார் (நினை), பகார் (பணம் செலுத்து) ஆகியவற்றில் "பணம்" என்பதன் ஒலி. உச்சரிப்பு இலத்தீன் அமெரிக்க வழக்கை ஒட்டியது.

முதலில் யாரிடம் பேசுகிறீர்கள்

நெருக்கமான ஒருவரிடம் "தூ". மரியாதைக்குரிய ஒருவரிடம் "உஸ்தேத்". பலரிடம் "உஸ்தேதெஸ்"; இலத்தீன் அமெரிக்கா முழுவதும் நெருக்கமானவர்கள் பலர் என்றாலும் இதுதான். ஸ்பெயினில் நெருக்கமான பலரிடம் "பொஸோத்ரொஸ்". அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, நடு அமெரிக்காவின் பல பகுதிகளில் "தூ"வின் இடத்தில் "போஸ்". தன்னையும் சேர்த்து "செய்வோம், போவோம்" என்றால் "நொஸோத்ரொஸ்".

ஏவல் எடுக்கும் மூலங்கள் மூன்றுதான்:

- தூ: நிகழ்காலப் படர்க்கை ஒருமையிலிருந்து, அதாவது "அவன் செய்கிறான்" என்ற வடிவிலிருந்து.
- உஸ்தேத், உஸ்தேதெஸ், நொஸோத்ரொஸ்: நிகழ்காலத் தன்மை ஒருமையிலிருந்து, அதாவது "நான் செய்கிறேன்" என்ற வடிவிலிருந்து.
- பொஸோத்ரொஸ், போஸ்: அகராதி வடிவிலிருந்து.

தூ ஏவல்

"அவன் செய்கிறான்" வடிவை அப்படியே எடுத்துச் சொன்னால் அதுவே ஏவல். உயிர் மாறும் வினைகளுக்கும் இதே விதி. மாற்றம் தானாகவே கூட வந்துவிடும். பென்ஸார், "அவன் நினைக்கிறான்" பியேன்ஸ, ஏவலும் பியேன்ஸ. பொல்பேர், புவேல்பெ. தொர்மீர், துவேர்மெ. பெதீர், பீதெ. ஹுகார் (விளையாடு), ஹுவேக. ஒஈர் (கேள்), ஓயெ. த்ரஏர் (கொண்டுவா), த்ரா-எ. கொன்ஸ்த்ருஈர் (கட்டு), கொன்ஸ்த்ரூயெ. நிகழ்காலத்தில் இவை ஒழுங்கற்றவை. ஏவலில் இவற்றுக்கெனப் புதிதாகக் கற்க எதுவுமில்லை.

இந்த விதியை மீறுபவை எட்டே எட்டு வினைகள்: தெஸீர், அஸேர் (செய்), ஈர் (போ), பொனேர், ஸலீர் (வெளியே போ), ஸேர் (இரு, ஆகு), தெனேர், பெனீர். பாடநூல்கள் எட்டையும் ஒரே பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும். அதைவிட நல்ல வழி, அவற்றில் ஐந்து ஒரே வார்ப்பு என்பதைக் கவனிப்பது. அகராதி வடிவின் ஈற்றை வெட்டிவிடுங்கள்:

பொனேர் என்பதில் ஈறு போனால் போன்.
தெனேர், தேன்.
பெனீர், பேன்.
ஸலீர், ஸால்.
அஸேர், ஆஸ்.

வெறும் வினையடியே ஏவலாக நிற்பது தமிழருக்குப் பழகியதுதான். "செய்", "நில்", "கொள்" எல்லாம் அப்படித்தான். ஸ்பானியத்தில் இந்த ஐந்திலும் பழங்காலத்தில் ஈற்றில் இருந்த எகரம் தேய்ந்து விழுந்தது. விழுந்தபின் சொல் "ன்", "ல்", "ஸ்" என்ற, ஸ்பானியச் சொல் ஈற்றில் இயல்பாக வரும் மெய்களில் முடிகிறது. அஸேர் என்பதில் மட்டும் எழுத்துமுறை கொஞ்சம் மாறும்: அகராதி வடிவில் "ஸே" எனப்படும் எழுத்து, ஏவலில் ஈற்றில் "ஸேத்தா" எனப்படும் எழுத்தாகிறது. ஒலி ஒன்றுதான்.

எஞ்சும் மூன்றை அப்படியே மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்: தெஸீர் என்பதற்குத் தீ, ஈர் என்பதற்குப் பே, ஸேர் என்பதற்கு ஸே.

தெனேர், பெனீர் இரண்டிலும் ஒரு வழுக்கல் உண்டு. நிகழ்காலத்தில் இவற்றின் உயிர் உடைந்து தியேனெ, பியேனெ என்று வரும். அந்தப் பழக்கத்தில் ஒரு நண்பரைப் பார்த்து "பியேனெ" என்றால் "அவர் வருகிறார்" என்று பொருளாகிவிடும். பேன் என்பதில் உயிர் உடையாது. ஸாலெ, போனெ என்று சொல்வதும் இதே வகைத் தவறு: பொது விதியை, விதிக்குள் வராத வினையின்மேல் ஏற்றுவது.

கூட்டு வினைகள் பெரும்பாலும் தாய் வினையைப் பின்பற்றும். மன்தெனேர் (பேணு) என்பதற்கு மன்தேன், தெதெனேர் (நிறுத்து) என்பதற்குத் தெதேன், ப்ரொப்பொனேர் (முன்மொழி) என்பதற்கு ப்ரொப்போன், தெஸஸேர் (பிரித்துவிடு) என்பதற்குத் தெஸாஸ். எழுதும்போது கவனம் தேவை. போன், தேன் ஓரசைச் சொற்கள், அழுத்தக்குறி வேண்டாம். மன்தேன், ப்ரொப்போன் இரண்டும் ஈரசைச் சொற்கள், "ன்" ஈறு, அழுத்தம் கடைசி அசையில். ஆகவே கடைசி உயிரின்மேல் குறி கட்டாயம். தெஸாஸ் "ஸேத்தா" எழுத்தில் முடிவதால் குறி இல்லை.

தெஸீர் குடும்பம் மட்டும் தாயைப் பின்பற்றாது. பெந்தெஸீர் (ஆசீர்வதி), மல்தெஸீர் (சபி), ப்ரெதெஸீர் (முன்னுரை), கொன்த்ரதெஸீர் (மறுத்துப் பேசு) ஆகியவை பொது விதிக்குத் திரும்பிவிடுகின்றன: பெந்தீஸெ, மல்தீஸெ, ப்ரெதீஸெ, கொன்த்ரதீஸெ. ஸதிஸ்பஸேர் (திருப்திப்படுத்து) என்பதற்கு ஸதிஸ்பாஸ், ஸதிஸ்பாஸெ இரண்டும் ஏற்கப்பட்டவை. இதில் வரும் "ப", உதடும் பல்லும் உரசும் காற்றொலி.

இந்தக் குறுஞ்சொற்கள் வேறு சொற்களோடு மோதுகின்றன. தீ என்பது "சொல்" மட்டுமல்ல, தார் வினையில் "நான் கொடுத்தேன்" என்பதும்கூட. ஸே என்பது "நான் அறிவேன்" என்றும் பொருள்படும். ஸால் என்பது உப்பு. பே என்பது "போ"வாகவும் "பார்"ஆகவும் வரும். பேச்சில் "பார்" என்று சொல்ல மீர என்ற வேறு வினையே மிகுதி. சூழல் எல்லாவற்றையும் தெளிவாக்கிவிடும். எழுத்தில்தான் ஆபத்து: ஆஸ் என்ற ஏவலை "ஸேத்தா" எழுத்தால் முடிக்காமல் "எஸே" எழுத்தால் முடித்தால், அது அபேர் என்ற துணைவினையின் முன்னிலை வடிவம். இலத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதால் தாய்மொழியாளர்களே அடிக்கடி செய்யும் பிழை இது.

ஈர் வினைக்கு இன்னொரு குறிப்பு. "பே" தனியாக நிற்பதைவிட இடத்தோடு சேர்ந்தே வரும்: "பே அ ல கொஸீன", சமையலறைக்குப் போ. "இங்கிருந்து போய்விடு" என்றால் "பேத்தெ". இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. கடைக்கு அனுப்ப நினைத்து "பேத்தெ" என்றால் விரட்டுவதுபோல் ஆகலாம்.

உஸ்தேத், உஸ்தேதெஸ் ஏவல்

இங்கே மூலம் "நான் செய்கிறேன்". மூன்று படிகள். நிகழ்காலத் தன்மை ஒருமையை எடுங்கள். ஈற்று ஒகரத்தை நீக்குங்கள். அகராதி வடிவம் "ஆர்" ஈறு என்றால் எகரத்தையும், "ஏர்", "ஈர்" ஈறு என்றால் அகரத்தையும் சேருங்கள். பலருக்கு அதன்மேல் "ன்".

தேங்கொ என்றால் "என்னிடம் இருக்கிறது"; ஒகரம் போய் அகரம் வர, தேங்க; பலருக்குத் தேங்கன். அதே வழியில் போங்கொ, போங்க, பேங்கொ, பேங்க, ஸால்கொ, ஸால்க, ஆகொ, ஆக, தீகொ, தீக, த்ராய்கொ, த்ராய்க, ஓய்கொ, ஓய்க. "தெரிந்துகொள்" என்ற கொனொஸேர் தன்மையில் கொனோஸ்கொ ஆகும், ஏவல் கொனோஸ்க. மொழிபெயர்ப்பதற்கான த்ரதுஸீர், த்ரதூஸ்கொ, த்ரதூஸ்க. வண்டி ஓட்டுவதற்கான கொன்துஸீர், கொன்தூஸ்கொ, கொன்தூஸ்க. அதாவது நிகழ்காலத்தில் தன்மை வடிவின் ஒழுங்கின்மையை முன்பே கற்றவருக்கு இந்தப் பகுதி முழுவதும் ஏற்கெனவே கைவசம் உண்டு. தன்மை வடிவம் தடுமாறினால் ஏவலும் தடுமாறும். அப்போது ஏவலைப் பயிற்சி செய்வதில் பயனில்லை, தன்மை வடிவத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

அழைத்துக் கவனத்தை ஈர்க்க "ஓய்க" (மரியாதை), "ஓயெ" (நெருக்கம்) என்பதும், ஸ்பெயினில் தொலைபேசியை எடுத்தவுடன் "தீக" என்பதும் இந்த வடிவங்களே. தினமும் காதில் விழுபவை என்பதால் இவற்றை மாதிரியாக வைத்து மற்றவற்றைக் கட்டலாம்.

தன்மை வடிவம் ஒகரத்தில் முடியாத வினைகளில் இந்த மூன்று படிகள் வேலை செய்யாது. அவை இவை:

தார், தே, பலருக்குத் தேன்.
எஸ்தார் (இரு), எஸ்தே, எஸ்தேன்.
ஈர், பாய, பாயன்.
ஸபேர் (அறி), ஸேப்ப, ஸேப்பன்.
ஸேர், ஸே-அ, ஸே-அன்.

தார் என்பதன் ஒருமை ஏவலான தே மீது அழுத்தக்குறி வைக்க வேண்டும். குறி இல்லாவிட்டால் "இன்", "உடைய" எனப் பொருள்படும் இடைச்சொல்லாகிவிடும். பன்மையில் குழப்பம் இல்லை, குறியும் இல்லை. எஸ்தே, எஸ்தேன் இரண்டுக்கும் குறி உண்டு. அபேர் என்ற துணைவினைக்கும் ஆய என்ற வடிவம் உண்டு. ஆனால் அதைக் கட்டளையாக யாரும் பயன்படுத்துவதில்லை, விட்டுவிடலாம்.

எழுத்து மாற்றங்களைப் பலர் ஒழுங்கின்மை என்று கருதிப் பயப்படுகிறார்கள். அவை ஒலியைக் காப்பதற்காக மட்டுமே வருபவை; காதால் கேட்டால் எதுவும் மாறாது. ஸ்பானியத்தில் "ஸே" எழுத்து அகர, ஒகர, உகரங்களுக்கு முன் "க" ஒலியும், எகர, இகரங்களுக்கு முன் "ஸ" ஒலியும் தரும். தொக்கார் ஏவலில் எகரம் பெறும்போது "க" ஒலி கெடாமலிருக்க "கூ", "உ" என்ற இரண்டு எழுத்துகள் அதன் இடத்தில் வருகின்றன: தோக்கெ. புஸ்கார், பூஸ்கெ, ஸக்கார் (எடு), ஸாக்கெ எல்லாம் அப்படியே. பகார், யெகார் (வந்துசேர்) போன்றவற்றில் "ஹே" எழுத்துக்குப் பின் ஓர் உகர எழுத்து நுழைகிறது: பாகெ, யேகெ. அந்த உகரம் ஒலிக்காது, காவல் மட்டும். எம்பெஸார் (தொடங்கு), க்ருஸார் (கட) போன்றவற்றில் "ஸேத்தா", "ஸே"ஆகிறது: எம்பியேஸெ, க்ரூஸெ. ரெக்கொஹேர் (பொறுக்கி எடு), எலெஹீர் (தேர்ந்தெடு) போன்றவற்றில் "ஹே", "ஹோத்த"வாகிறது: ரெக்கோஹ, எலீஹ. ஸெகீர் (தொடர்) காவல் உகரத்தை இழந்து ஸீக ஆகிறது. எழுதும்போது ஐயம் வந்தால் சொல்லை உரக்கச் சொல்லிப் பாருங்கள். அகராதி வடிவத்தின் மெய்யொலி அப்படியே ஒலிக்கிறதா என்பதே சோதனை.

ஒரே ஒலி மாறினால் பொருள் மாறும் இடம்

தூ ஏவலும் உஸ்தேத் ஏவலும் ஈற்றுயிரை எதிரெதிராக மாற்றிக்கொள்கின்றன. "ஆர்" வினையில் தூவுக்கு அகரம், உஸ்தேத்துக்கு எகரம். மற்ற வினைகளில் நேர்மாறு. இதனால் ஸென்தார் (உட்காரவை), ஸென்தீர் (உணர்) என்ற இரண்டு வினைகளும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்து நிற்கின்றன:

ஸியேன்தத்தெ: உட்கார்.
ஸியேன்தெஸெ: உட்காருங்கள்.
ஸியேன்தெத்தெ: (இப்படி) உணர்.
ஸியேன்தஸெ: (இப்படி) உணருங்கள்.

விருந்தினரிடம் நாற்காலியைக் காட்டி "ஸியேன்தஸெ" என்பது மிகப் பரவலான தவறு. தூ வடிவான ஸியேன்தத்தெ நாவில் பழகிவிட்டதால், அதன் அகரத்தை வைத்துக்கொண்டு கடைசி அசையை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். உட்காரச் சொல்லும் வினை "ஆர்" ஈறு, ஆகவே மரியாதையில் எகரம்: ஸியேன்தெஸெ.

இதோடு தொடர்புடையது மரியாதையைக் கலந்து பேசுவது. "பேங்க, ஸியேன்தத்தெ" என்றால் முதல் சொல் "வாருங்கள்", இரண்டாவது "உட்கார்". ஒரே வாக்கியத்தில் இரண்டும் சேரக்கூடாது. ஒருவரிடம் உஸ்தேத் என்று தொடங்கினால் எல்லா ஏவலும், அதோடு ஒட்டும் பிரதிப்பெயர்களும் அதே தடத்தில் போக வேண்டும்.

நொஸோத்ரொஸ்: செய்வோம்

உஸ்தேத் வடிவின் வினையடியோடு "மொஸ்" சேரும். அழுத்தம் ஓர் அசை பின்னால் நகரும். ஆகாமொஸ் அல்ல, அகாமொஸ். திகாமொஸ், பொங்காமொஸ், ஸல்காமொஸ்.

உயிர் மாறும் வினைகளில் ஒரு கிளை பிரிகிறது. "ஆர்", "ஏர்" வினைகளில் அழுத்தம் நகர்ந்ததும் உயிர் உடைவது நின்றுவிடும்: பியேன்ஸெ என்றாலும் பென்ஸேமொஸ், புவேல்ப என்றாலும் பொல்பாமொஸ், ஹுவேகெ என்றாலும் ஹுகேமொஸ். "ஈர்" வினைகளில் உயிர் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. எகரம் இகரமாகவும் ஒகரம் உகரமாகவும் நிற்கும்: பிதாமொஸ், ஸின்தாமொஸ், துர்மாமொஸ். "தொர்மாமொஸ்" என்று சொல்பவர்கள் பொல்பாமொஸ் விதியைத் தவறான குழுவுக்கு நீட்டுகிறார்கள்.

"போவோம்" மட்டும் பாமொஸ். பயாமொஸ் என்ற வடிவமும் உண்டு. எதிர்மறையில் அதுதான் வரும், "பயாமொஸ் பொர் பார்த்தெஸ்" (ஒவ்வொன்றாகப் பார்ப்போம்) போன்ற தொடர்களிலும் கேட்கலாம். சாதாரணமாகக் கிளம்பச் சொல்ல பாமொஸ், பாமொனொஸ்.

பாமொனொஸ் என்பதில் ஒரு "ஸ்" காணாமல் போயிருக்கிறது. பாமொஸ் உடன் "நொஸ்" சேரும்போது நடுவில் உள்ள "ஸ்" விழுந்தாக வேண்டும். ஸென்தேமொனொஸ் (உட்காருவோம்), பொங்காமொனொஸ் (அணிந்துகொள்வோம்) எல்லாவற்றிலும் இதே. பின்னால் "ஸெ" வந்தாலும் விழும்: திகாமொஸெலொ, அதை அவரிடம் சொல்வோம். வெறும் "லொ" வந்தால் விழாது: அகாமொஸ்லொ, அதைச் செய்வோம்.

பொஸோத்ரொஸ், போஸ்

இவை இரண்டும் சுகமானவை. பொஸோத்ரொஸ்: அகராதி வடிவின் "ர்" போய் மெல்லிய "த்". தெஸீத், அஸேத், ஈத், பொனேத், ஸலீத், ஸேத், தெனேத், பெனீத். விதிவிலக்கே இல்லை, உயிரும் உடைவதில்லை. பின்னால் "ஒஸ்" சேர்ந்தால் "த்" விழும்: ஸென்தா-ஒஸ், பொனே-ஒஸ். ஈர் மட்டும் அதை வைத்துக்கொள்ளும்: ஈதொஸ். ஸ்பெயினின் பேச்சில் ஈரொஸ் என்பதே மிகுதி என்பதால் ஸ்பானிய மொழிக்கான அரச அகாதெமி 2017இல் அதையும் ஏற்றுக்கொண்டது. அந்த அனுமதி ஈரொஸ் என்ற ஒன்றுக்கு மட்டும். பெனீத் என்பதற்குப் பதிலாக பெனீர் என்பது பேச்சில் கேட்டாலும் எழுத்தில் பிழையே.

போஸ்: "ர்" போகும், கடைசி உயிரில் அழுத்தக்குறி ஏறும். தெஸீ, அஸே, பொனே, ஸலீ, தெனே, பெனீ. உயிர் மாறும் வினைகளும் மாறாமல் வரும்: பென்ஸா, பொல்பே, தொர்மீ, பெதீ. ஈர் வினைக்கு இந்த வடிவம் இல்லை. அதன் இடத்தில் அந்தார் (நட) வினையிலிருந்து அந்தா என்பார்கள். புவெனஸ் ஐரிஸில் "பேன்" என்று சொன்னாலும் புரியும். ஆனால் காதில் விழுவது பெனீ.

ஒட்டும் பிரதிப்பெயர்களும் அழுத்தக்குறியும்

உடன்பாட்டு ஏவலில் "எனக்கு", "அதை" போன்ற பிரதிப்பெயர்கள் வினையின் பின்னால் இடைவெளியின்றி ஒட்டும். எதிர்மறையில் அவை வினைக்கு முன்னால் தனித்து நிற்கும்; அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து "மெ தீ" என்று சொல்வது தவறு. தீமெ, எனக்குச் சொல். தாமெ, எனக்குக் கொடு. ஆஸ்லொ, அதைச் செய். இரண்டு ஒட்டினால், நபரைக் குறிப்பது முதலில், பொருளைக் குறிப்பது பிறகு: தாமெலொ, அதை எனக்குக் கொடு.

"அவருக்கு" என்ற "லெ", பின்னால் "லொ" வந்தால் "ஸெ" ஆக மாறும். தீலெலொ அல்ல, தீஸெலொ, மரியாதையில் தீகஸெலொ.

எத்தனை ஒட்டினாலும் வினையின் அழுத்தம் இருந்த அசையிலேயே இருக்கும். குறி வைப்பதா வேண்டாமா என்பது இதிலிருந்து வரும். அசைகளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். அழுத்தம் கடைசிக்கு முந்திய அசையில், சொல் உயிரிலோ "ன்", "ஸ்" ஒலிகளிலோ முடிகிறது என்றால் குறி வேண்டாம்: தீமெ, தாமெ, போன்தெ, பேத்தெ. அழுத்தம் அதற்கும் முன்னால் என்றால் கட்டாயம் குறி: தீமெலொ, தாமெலொ, போன்தெலொ, தீகமெ, த்ராய்கமெலொ. சுருக்கமாக, தூவின் ஓரசை ஏவலோடு ஒன்று ஒட்டினால் குறி இல்லை, இரண்டு ஒட்டினால் உண்டு. உஸ்தேத் ஏவலில் பெரும்பாலும் ஒன்று ஒட்டினாலே உண்டு.

தனித்து நிற்கும்போது குறி உள்ள ஏவல், ஒட்டியபின் அதை இழக்கலாம். தே என்பதற்குக் குறி உண்டு, தேமெ என்பதற்கு இல்லை. தெதேன் என்பதற்கு உண்டு, தெதேன்தெ (நில்) என்பதற்கு இல்லை. எஸ்தா, எஸ்தாத்தெ அப்படியே. போஸ் வடிவங்களிலும் தெஸீ குறியோடும், தெஸீமெ குறியின்றியும், தெஸீமெலொ மறுபடி குறியோடும் எழுதப்படும். பழைய அச்சுப் புத்தகங்களில் தேமெ போன்றவற்றின்மேல் குறி இருந்தால் அது முந்திய விதியின் எச்சம்.

பன்மையில் "ன்" இடம்பெயரும் பிழை தாய்மொழியாளர் பேச்சிலும் உண்டு. ஸியேன்தென்ஸெ என்பதே சரி. "ன்" வினையோடு சேர்ந்தது, பிரதிப்பெயரோடு சேர்வதில்லை. "ஸியேன்தெஸென்", "ஸியேன்தென்ஸென்" இரண்டையும் தவிர்க்கவும். தேன்மெ (எனக்குக் கொடுங்கள்) என்பதும் அதே: "தேமென்" அல்ல.

ஸால் என்ற ஏவலோடு "லெ" ஒட்ட வேண்டிய நிலை அரிதாக வரும். வாயால் சொல்லலாம்; எழுத முடியாது. சேர்த்து எழுதினால் இரண்டு "எலே" எழுத்துகள் அடுத்தடுத்து நின்று "ய" ஒலியாகப் படிக்கப்படும். பிரித்து எழுத விதி இடம் தராது. அந்த இடத்தில் வாக்கியத்தையே மாற்றி எழுதுங்கள்.

பயிற்சிக்கு

பட்டியலாகப் படிப்பதைவிட, ஒரு வினையின் மூலங்கள் மூன்றையும் முதலில் எழுதிவிட்டு ஏவல்களைக் கட்டுவதே வேகமாகப் பலன் தரும். பொனேர்ஸெ (அணிந்துகொள்) என்று வைத்துக்கொள்வோம். பொது விதிப்படி மூலங்கள் போனெ, போங்கொ, பொனேர். தூவுக்கு அது வெட்டு வினை என்பதால் போன். "தெ" சேர்ந்து போன்தெ. "அதை" சேர்ந்து போன்தெலொ, குறியோடு. உஸ்தேத்துக்குப் போங்க, போங்கஸெ, போங்கஸெலொ. பலருக்குப் போங்கன்ஸெ. செய்வோம் என்றால் பொங்காமொனொஸ். ஸ்பெயினில் பலருக்குப் பொனே-ஒஸ், போஸ் வழக்கில் பொனேத்தெ. இதே ஓட்டத்தை உயிர் மாறும் "ஈர்" வினை ஒன்றில், எடுத்துக்காட்டாக பெஸ்தீர்ஸெ (உடுத்திக்கொள்) என்பதில் செய்யுங்கள்: பீஸ்தெத்தெ, பீஸ்தஸெ, பீஸ்தன்ஸெ, பிஸ்தாமொனொஸ், பெஸ்தீ-ஒஸ், பெஸ்தீத்தெ. இவற்றில் பெஸ்தீ-ஒஸ் என்பதன் இகரத்தின்மேல் குறி வைக்க மறக்கக்கூடாது. அழுத்தம் பெற்ற இகரம் ஒகரத்தை ஒட்டி நிற்கும்போது அது தனி அசை என்று காட்ட குறி தேவை. பெஸ்தீத்தெ கடைசிக்கு முந்திய அசையில் அழுத்தம் பெற்று உயிரில் முடிவதால் குறியின்றி எழுதப்படும்.